சோறும் மனசாட்சியும்: வெர்னி குறித்து

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், எட்ஜ்ஹில் என்ற இடத்தில் அரசரின் கொடியைப் பிடித்தபடி செத்த எட்மண்ட் வெர்னியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அரசர் பக்கம் நியாயமில்லை என்று தெரிந்தே அவருக்காகப் போய் நின்றிருக்கிறார். கர்ணனின் செஞ்சோற்றுக்கடன்தானே இது? கொத்தடிமைப் புத்தி என்று ஏன் சொல்லக்கூடாது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கர்ணன் நினைவு வராமல் இருக்காது, சரி. வெர்னி சொன்னதே கிட்டத்தட்ட அதுதான்: முப்பது வருஷமாக அவர் ரொட்டியைத் தின்றிருக்கிறேன், இப்போது கைவிட்டுப் போகிற ஈனத்தனம் என்னால் ஆகாது. சார்லஸ் இளவரசராக இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், 1623இல் இளவரசர் பெண் கேட்டு ஸ்பெயினுக்குப் போனபோது மாட்ரிட்டில் கூட இருந்தவர்.

ஆனால் அந்தப் பேச்சு எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1642இல் நாட்டிங்ஹாமில் அரசர் போர்க்கொடி ஏற்றிய சமயம், ஆளும் சேரவில்லை, எல்லோர் முகமும் தொங்கிக் கிடக்கிறது. அரசரின் ஆலோசகர் எட்வர்ட் ஹைட் வெர்னியிடம் வந்து, நீங்கள் ஒருத்தராவது கலகலப்பாக இருக்கிறீர்களே, மற்றவர்களுக்கும் கொஞ்சம் தெம்பு சொல்லுங்கள் என்கிறார். வெர்னி சிரித்துக்கொண்டே சொல்கிறார்: உங்களுக்கென்ன, அரசர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மனசார நம்புகிறீர்கள், எனக்கு இந்தச் சண்டையே பிடிக்கவில்லை, கேட்டதைக் கொடுத்துத் தொலைத்தால் தேவலை, பிஷப்புகளுக்காகத்தானே இத்தனையும், அவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. இதைச் சொன்ன கையோடு, இதில் என் உயிர் போகும் என்பதும் தெரியும் என்கிறார். கொத்தடிமை இப்படிப் பேசுவானா?

இன்னொன்று, இவர் வெறும் அரண்மனை ஆள் இல்லை. வைகோம்ப் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். மூத்த மகன் ரால்ஃப் அதே சபையில் உட்கார்ந்து விவாதங்களைப் பென்சிலில் குறித்துக்கொண்டிருந்தவர், போர் என்று வந்ததும் நாடாளுமன்றத்தின் பக்கமே நின்றுவிட்டார். இளைய மகன் எட்மண்ட் அரசர் பக்கம். அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

எட்ஜ்ஹில் போர் நடந்த அக்டோபர் 23 அன்று வெர்னி கவசம் போடவில்லை, தடித்த தோல் அங்கிகூட வேண்டாம் என்றுவிட்டார். என்னை உறுத்துவது சோற்றுக்கடனைவிட இதுதான். ஆனாலும் சும்மா நின்று சாகவில்லை. தன் வேலையாளைக் கொன்றவன் உட்பட இரண்டு பேரைக் கொன்று, கொடிக்கம்பின் முனை உடையும்வரை குத்திவிட்டுத்தான் விழுந்தார். கொடியை அரசர் தரப்பு மீட்டுவிட்டது, உடல் கிடைக்கவில்லை. கொடியைப் பற்றிய கை மட்டும் கிடைத்தது என்று ஒரு கதை உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ரால்ஃப் அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளைதான். மறுவருஷம், 1643இல், ஸ்காட்லாந்துக்காரர்களோடு செய்த மத உடன்படிக்கைக்கு உறுதிமொழி எடுக்கச் சொன்னது அவருடைய நாடாளுமன்றம். மனசு ஒப்பவில்லை என்று மறுத்துவிட்டு, குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போய்விட்டார்.