எஃப் 2, எஃப் 12 எதத் தட்டினாலும் பயாஸ் வரலையா?

மேலூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "செகண்ட்ஸ்ல ஒரு ஹெச்பி லேப்டாப் வாங்குனேன், விண்டோஸ் 11 இருக்கு. பெண்டிரைவ்ல விண்டோஸ் ரெடியா வச்சிருக்கேன், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும். ஆன் பண்ணையில எஃப் 2, எஃப் 12, டெலீட் எதத் தட்டினாலும் நேரா விண்டோஸுக்குள்ள போயிருது. மதுரைல ஒரு கடைல காட்டுனா மதர்போர்டு போச்சுங்கிறாங்க. உண்மையா?"

அக்கா, மதர்போர்டுக்குன்னு இப்பவே காசு குடுத்துறாதீங்க. விண்டோஸ் ஒழுங்கா ஓடுது, டைப் அடிச்சா எழுத்து வருதுன்னா பெரும்பாலும் போர்டுல ஒண்ணும் இல்ல, நீங்க தட்டுற கீயும் தட்டுற நேரமும்தான் ஒத்துப்போகல.

ஹெச்பில தட்ட வேண்டியது எஸ்கேப். பவர் பட்டனை அமுக்குன கையோட, லோகோ வர்றதுக்கு முன்னாடியே எஸ்கேப்பை டக் டக்னு விடாம தட்டிக்கிட்டே இருங்க, ஒரேடியா அமுக்கிப் பிடிச்சா சிலதுல எடுக்காது. ஸ்டார்ட்அப் மெனுன்னு ஒரு சின்ன லிஸ்ட் வரும், அதுல எஃப் 9 பூட் மெனு, அதாவது எதுலேர்ந்து கிளம்பணும்னு தேர்ந்தெடுக்கிற லிஸ்ட், எஃப் 10 பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடுற கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ். உங்களுக்கு வேண்டியது எஃப் 9 மட்டும்தான், பயாஸுக்குள்ளயே போகத் தேவையில்ல. மத்தவங்களுக்கும் சொல்லிடறேன்: டெல்லுல எஃப் 2 பயாஸ், எஃப் 12 பூட் மெனு, லெனோவா திங்க்பேட்ல எஃப் 1, ஐடியாபேட்ல எஃப் 2, ரெண்டுலயும் பூட் மெனு எஃப் 12, ஆசுஸ் லேப்டாப்ல எஃப் 2, பூட் மெனுவுக்கு எஸ்கேப், அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப்னா அனேகமா டெலீட்.

சரியான கீ தட்டியும் வரலேன்னா அதுக்குக் காரணம் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012ல விண்டோஸ் 8 கூட வந்தது இது. ஷட்டவுன் குடுத்தா கம்ப்யூட்டர் முழுசா அணைஞ்சிருச்சுன்னு நெனைக்கிறோம், ஆனா விண்டோஸ் தன்னோட கெர்னலை, அதாவது தன்னோட உள்மையத்தை, ஒரு ஃபைலா டிஸ்க்ல எழுதி வச்சிட்டுத்தான் தூங்கும், மறுபடி ஆன் பண்ணா அத அப்படியே மெமரிக்குத் தூக்கிட்டு வெரசா கிளம்பிரும், பயாஸும் தன் பங்குக்கு சில சோதனைகளைத் தாண்டிப் போயிரும், அதனால கீயைக் கவனிக்கிற நேரமே ஒண்ணு ரெண்டு செகண்டுதான். ரீஸ்டார்ட் குடுத்தா இந்தக் கதையே இல்ல, முதல்லேர்ந்து எல்லாம் புதுசா எந்திரிக்கும். அதனால ஷட்டவுன் வேணாம், ரீஸ்டார்ட் குடுத்துட்டு எஸ்கேப்பைத் தட்டுங்க.

அதுவும் சரிப்படலையா, கீயே தட்டாம போக ஒரு வழி இருக்கு, என்னைக் கேட்டா இதுதான் நல்ல வழி. பெண்டிரைவைச் சொருகிட்டு, ஷிஃப்டை அமுக்கிப் பிடிச்சபடி ஸ்டார்ட் மெனுல ரீஸ்டார்ட்டைக் கிளிக் பண்ணுங்க. ஒரு நீலத் திரை வரும், அதுல யூஸ் எ டிவைஸ்னு இருக்கும், அதுக்குள்ள உங்க பெண்டிரைவ் பேரு இருக்கும், தேர்ந்தெடுத்தா அதுலேர்ந்தே பூட் ஆகும். பயாஸுக்கே போகணும்னா ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் (புது மாடல் பயாஸுக்கு யூஇஎஃப்ஐன்னு பேரு), அம்புட்டுதான்.

இப்ப முக்கியமான விஷயம். யூடியூபைப் பாத்துட்டு பயாஸ்ல இருக்கிற செக்யூர் பூட்டை (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற பாதுகாப்பு) ஆஃப் பண்ணிறாதீங்க. மைக்ரோசாஃப்ட் டூல்ல போட்ட விண்டோஸ் பெண்டிரைவுக்கு அது ஆன்லயே இருக்கலாம், விண்டோஸுக்குப் பதிலா போடுற உபுண்டுகூட அப்படியே பூட் ஆகும். ஆஃப் பண்ணா ஹெச்பி திரைல ஒரு நாலு இலக்க நம்பர் காட்டி அத அடிக்கச் சொல்லும், அடிக்கிற நம்பர் எதுவும் திரைல தெரியாது, அதப் பாத்துட்டு ஹேங் ஆயிருச்சுன்னு பயந்துபோய் பவரை அமுக்குறவங்க உண்டு. அதைவிடப் பெரிய தலைவலி பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. டிஸ்க் என்கிரிப்ட் ஆயிருந்து நீங்க செக்யூர் பூட்டையோ, பூட்டுக்கான சாவியை வச்சிருக்கிற டிபிஎம் சிப்போட செட்டிங்கையோ மாத்துனா, அடுத்த பூட்ல 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும், செகண்ட்ஸ் லேப்டாப்ல அந்தக் கீ பழைய ஓனரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நீங்க எப்படியும் மொத்தமா அழிக்கப் போறீங்கதான், ஆனா உங்க பில்லு, கஸ்டமர் ஃபைலு ஏதும் அதுல இருந்தா பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடியே வேற பெண்டிரைவ்ல எடுத்து வச்சிருங்க. பயாஸ்ல டிஸ்க்கோட பேசுற விதத்தைச் சொல்ற சாட்டா மோடையும் சும்மா மாத்தாதீங்க, இருக்கிற விண்டோஸ் பூட் ஆகாம நீல எரர் திரைல நின்னுரும்.

பயாஸ்ல போனதும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா அது ஏதோ ஆபீஸ்லேர்ந்து வந்த லேப்டாப்பா இருக்கும். பட்டன் பேட்டரியைக் கழட்டி மாட்டுனா போயிரும்பாங்க, இப்ப வர்ற ஆபீஸ் லேப்டாப்கள்ல பெரும்பாலும் போகாது. வித்தவர்கிட்டயே எடுத்துட்டுப் போய் பாஸ்வேர்டை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க.

இன்ஸ்டால் நடக்கையில அதுவா ரீஸ்டார்ட் ஆகும், அப்ப பழக்கதோஷத்துல எஸ்கேப்பைத் தட்டி மறுபடி பெண்டிரைவைத் தேர்ந்தெடுத்துறாதீங்க, முதல்லேர்ந்து ஆரம்பிச்சிரும்.