அந்தக் காலத்து பேஸ்பால் பிட்சர்கள் தொடங்கிய ஆட்டத்தைத் தாங்களே வீசி முடித்தது எப்படி? இப்போது ஏன் முடிவதில்லை?

"அப்போது இருந்தவர்கள் இரும்பு மனிதர்கள், இப்போது இருப்பவர்கள் சொகுசுக்காரர்கள்" என்று ஒரு பதில் எப்போதும் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தவர்கள் எல்லாப் பந்தையும் முழு பலத்தோடு வீசவில்லை, அதுதான் பெரிய காரணம்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: பிட்சர் என்றால் பந்து வீசுபவர், ஆட்டம் 9 இன்னிங்ஸ், கிரிக்கெட் போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவது கிடையாது, தொடங்கிய பிட்சரே தொடர்ந்து வீசுவார், அணியை நடத்தும் மேனேஜர் அவரை மாற்றிவிட்டால் திரும்ப வந்து வீச வழியில்லை.

சை யங் 815 ஆட்டங்களைத் தொடங்கி 749-ஐ அவரே முடித்தார். ஜாக் டெய்லர் 1901-க்கும் 1906-க்கும் இடையில் தொடங்கிய 187 ஆட்டங்களில் ஒன்றில்கூட இன்னொருவர் வந்து அவருக்குப் பதிலாக வீசவில்லை! கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அப்போதைய பந்தைப் பாருங்கள். ஒரே பந்தை அழுக்கேறி நைந்துபோகும் வரை வைத்து ஆடுவார்கள், அதில் எச்சில் தடவி வீசுவதற்கும் தடை இல்லை, அதை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வெகுதூரம் போகாது. 1908-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி சீசன் முழுவதும் அடித்த ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) மொத்தம் 3. அப்படியிருக்க, பலவீனமான பேட்டருக்குச் சும்மா ஒரு பந்தைப் போட்டு அடிக்க விட்டு, ஃபீல்டர்கள் பிடிக்கட்டும் என்று இருந்துவிடலாம். எதிரணி ஆள் பேஸில் நின்று ரன் எடுக்கக் காத்திருக்கும்போது மட்டும் கையை முழு வேகத்தில் சுழற்றினால் போதும்.

1920 மே 1 அன்று பாஸ்டனில் நடந்ததை நம்புவதே கஷ்டம். லியோன் கடோர், ஜோ ஓஷ்கர் இருவரும் ஆளுக்கு 26 இன்னிங்ஸ் வீசினார்கள், கிட்டத்தட்ட மூன்று ஆட்டம்! 1-1 என்று நின்றபோது இருட்டிவிட்டதால் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்புறம் பந்தும் பேட்டர்களும் மாறிய பிறகும் இந்தப் பழக்கம் உடனே போய்விடவில்லை. 1963-இல் சான் பிரான்சிஸ்கோவில் 25 வயது ஹுவான் மரிஷலும் 42 வயது வாரன் ஸ்பானும் 16-வது இன்னிங்ஸ் வரை மோதினார்கள், வில்லி மேஸ் அடித்த ஒரு ஹோம் ரன்னில்தான் அது முடிந்தது. 1968-இல் பாப் கிப்சன் தொடங்கியது 34, முடித்தது 28.

சரி, கை தாங்கியதா? சிலருக்குத் தாங்கியது. தாங்காதவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போனார்கள், அவர்களை யாரும் நினைவு வைத்துக்கொண்டு இப்படிக் கேள்வி கேட்பதில்லை. 1980-இல் பில்லி மார்ட்டின் நடத்திய ஓக்லண்ட் அணியில் தொடக்கப் பிட்சர்கள் 94 ஆட்டங்களை முடித்தார்கள், ரிக் லாங்ஃபர்ட் மட்டும் 28. அடுத்த சில வருடங்களிலேயே அந்த இளம் பிட்சர்களில் பெரும்பாலோர் பழைய ஃபார்மை இழந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் அந்த வேலைப்பளுதான் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான்.

இன்று ஒன்பதாவதாக வரும் பேட்டர்கூட ஹோம் ரன் அடிப்பார், அதனால் சும்மா போடும் பந்து என்று ஒன்று கிடையாது, முதல் பந்திலிருந்தே மணிக்கு 95 மைல் வேகம் வேண்டும். அதே பேட்டர் மூன்றாவது முறை வரும்போது பிட்சரின் தந்திரமெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிடும், அந்த நேரத்தில் புதுக் கையோடு ஒரு ரிலீவர், அதாவது மாற்றுப் பிட்சர், தயாராக உட்கார்ந்திருக்கிறார். 2022-இல் சாண்டி அல்கன்டாரா 6 ஆட்டங்களை முடித்ததே பெரிய செய்தியானது. நான் மேனேஜராக இருந்தாலும் ஏழாவது இன்னிங்ஸில் ரிலீவரைத்தான் கூப்பிடுவேன், டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் எரிச்சலாக வரும்.