மின்தேவை உச்சத்தைத் தொடும்போது மின்வெட்டு ஒன்றுதான் வழியா?

இல்லை என்பதே என் பதில். தேவையை நிர்வகிக்கும் முறைகள் எவையும் கைகொடுக்காதபோது, மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்துவிடாமல் காக்க எடுக்கப்படும் கடைசி நடவடிக்கையாகவே மின்வெட்டை நான் கருதுகிறேன்.

மின் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி ஈடாக இருந்தாக வேண்டும். நுகர்வு மிஞ்சினால், 50 ஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 60) நிற்க வேண்டிய அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற அளவு) இறங்கத் தொடங்கும்; அது மிகவும் இறங்கினால் கட்டமைப்பே சரியக்கூடும். ஆண்டில் சில மணி நேரமே நீடிக்கும் உச்சத்துக்கென ஒரு மின்நிலையத்தைக் கட்டி, மற்ற நாட்களில் அதைச் சும்மா வைத்திருப்பதைவிட, அந்த நேரத்துத் தேவையை முன்னும் பின்னும் நகர்த்துவது பெரும்பாலும் மலிவாக முடியும்.

நேரத்துக்கேற்பக் கட்டணத்தை மாற்றுவது இதற்கு ஒரு வழி. வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய தொழிற்சாலைகளுக்கு அது நன்கு பொருந்தும். ஆனால், களைத்து வீடு திரும்புகிறவர் கட்டண அட்டவணையைப் பார்த்து ஏசியைப் போடுவதில்லை. ஆகவே வீடுகளைப் பொறுத்தவரை, ஒப்புதல் பெற்று, மின்நிறுவனமே தொலைவிலிருந்து வீட்டுக் கருவியைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் நேரடிக் கட்டுப்பாட்டையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

நியூசிலாந்தில் பல பத்தாண்டுகளாக, மின்கம்பி வழியாகவே சில நூறு ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார்கள். வீட்டு மின்பலகையில் உள்ள ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் அதை உணர்ந்து வாட்டர் ஹீட்டரை நிறுத்திவிடும். தொட்டியில் ஏற்கெனவே வெந்நீர் இருப்பதால் வீட்டாருக்குப் பெரும்பாலும் வேறுபாடே தெரியாது. ஏசியிலும் இப்படிச் செய்யலாம்: அரை மணிக்கு 15 நிமிடம் கம்ப்ரசர் மட்டும் ஓய்ந்திருக்கும், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுத்துவதைவிடத் திரும்ப இயக்குவதில்தான் அதிகக் கவனம் தேவை. எல்லா ஹீட்டர்களையும் ஒரே நொடியில் விடுவித்தால், ஆறிய தொட்டிகள் அத்தனையும் ஒன்றாக மின்சாரத்தை இழுத்துப் புதியதோர் உச்சத்தை உண்டாக்கிவிடும். அதனால் அவற்றைக் குழுக்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு விடுவிப்பார்கள்.

பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுப்பதும் பயன் தரும். 2022 செப்டம்பர் 6 அன்று, கடும் வெப்ப அலையின் நடுவே கலிஃபோர்னியாவின் தேவை 52,000 மெகாவாட்டைத் தாண்டியது. கைப்பேசிகளுக்கு அவசரச் செய்தி போன சில நிமிடங்களிலேயே ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேல் அது குறைந்தது. எனினும் அடிக்கடி கேட்டால் மக்கள் சலித்துவிடுவார்கள்.

உங்கள் மின்நிறுவனம் நேரடிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர அழைத்தால், ஆண்டுக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்பதையும், வீட்டில் நோயாளி இருக்கும் நாளில் நீங்கள் விலகிக்கொள்ள வழி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே ஒப்புதல் தாருங்கள்.