ஃபேன்டஸி ஆர்பிஜி (கதைக்குள் ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) கேம்களில் நமக்குக் கூட்டாளியாக வரும் பாத்திரங்களில் உங்கள் மனத்தில் நின்றவர் யார்? யாருடைய காதல் கதை பிடித்தது?

பால்டர்ஸ் கேட் 3 கேமில் வரும் கார்லாக். இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் அது பதிலாகாது. 2011ல் கல்லூரி விடுதியில் தோழியின் கணினியில் தொடங்கி இன்றுவரை இந்த வகை கேம்களை ஆடிவருகிறேன். மனத்தில் நின்றவர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், எல்லோருமே ஏதோ ஒரு கட்டத்தில் என்னிடம் "முடியாது" என்று சொன்னவர்கள். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்களின் பெயர்கூட நினைவில்லை.

(கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லப்போகிறேன். ஆடி முடிக்காதவர்கள் பிறகு வந்து படியுங்கள்.)

2023 தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி, நான் பால்டர்ஸ் கேட் 3 ஆடுவதைப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்ரைஸ் கோபுரத்துக்குள் நுழைந்திருந்த நேரம். அங்கே அராஜ் என்று ஒரு டிரோ (பாதாளத்தில் வாழும் எல்ஃப் இனம்) பெண் இருப்பாள், ரத்தத்தை வைத்து மருந்து காய்ச்சுகிறவள். என்னோடு வந்த அஸ்டாரியன் ரத்தம் குடித்து வாழ்கிறவன். அவன் தன்னைக் கடிக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். கடித்தால் பதிலுக்கு ஒரு மருந்து தருவாள். குடித்தால் உடல் வலிமை நிரந்தரமாக 2 புள்ளி ஏறும். அது எவ்வளவு பெரிய லாபம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். அஸ்டாரியனுக்கோ அவள் ரத்தமே ஒவ்வவில்லை. வேண்டாம் என்கிறான். அவள் விடவில்லை, அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என்னிடம் பேரம் பேச ஆரம்பிக்கிறாள், நான் அவனுடைய எஜமானி என்பதுபோல.

"அக்கா, கடிக்கச் சொல்லு. ரெண்டு பாயின்ட்டு!" என்றான் தம்பி.

"அவனுக்கு வேணாமாம்டா."

"அவனா ஆடுறான்? நீதானே ஆடுறே?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவனை வற்புறுத்தும் வாய்ப்பும் திரையில் இருந்தது, ஒரு சொடுக்குத்தான். நான் அவன் பக்கம் நின்றேன். மருந்து போனது. தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

அஸ்டாரியன் 200 வருடம் கஸாடோர் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபுவிடம் அடிமையாக இருந்தவன். அவனுடைய வேலை, தன் அழகைக் காட்டி ஆட்களை மயக்கி எஜமானின் வாசலுக்குக் கூட்டிவருவது. அவன் உடம்பு அவனுடையதாக இருந்ததே இல்லை. அராஜ் விஷயத்துக்குப் பிறகு அவனே வந்து பேசுகிறான். தொடக்கத்தில் என்னோடு நெருங்கியதுகூடக் கணக்குப் போட்டுத்தான், படுக்கையைக் கொடுத்தால் நான் அவனைக் காப்பாற்றுவேன் என்ற பழைய பழக்கத்தில்தான் என்று ஒப்புக்கொள்கிறான். திட்டம் எங்கேயோ பிசகி, உண்மையிலேயே பிடித்துப்போய்விட்டது என்றும் சொல்கிறான். இனி என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் நான் அவனை அணைத்துக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் வரை எங்களுக்குள் அதைத் தாண்டி எதுவும் இல்லை. பல கேம்களில் படுக்கையறைக் காட்சிதான் காதலுக்குக் கிடைக்கும் பரிசு, அதோடு கதை முடிந்துவிடும். இங்கே அது நின்ற இடத்தில்தான் காதல் ஆரம்பித்தது.

அந்த கேமின் கடைசிக் கட்டத்தில், 7,000 உயிர்களைக் காவு கொடுத்தால் கஸாடோர் தனக்காகத் திட்டமிட்டிருந்த பெரும் சக்தியை அஸ்டாரியன் பெறலாம் என்ற நிலை வருகிறது. அவன் அதைத் தவிப்போடு கேட்கிறான். சம்மதித்தால் வெயிலில் நடக்கலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் அப்புறம் அவன் என்னையும் தன் சொத்தைப்போல நடத்தத் தொடங்குவான். அந்த இடத்தில் நான்தான் அவனிடம் முடியாது என்றேன். இந்தப் பாத்திரத்துக்குக் குரலும் உடல்மொழியும் கொடுத்த நீல் நியூபன் 2023 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது வாங்கினார். தகும். அவர் குரலில் அந்தச் சிரிப்பு எப்போது வேஷம், எப்போது நிஜம் என்று காதாலேயே பிரித்துக் கேட்க முடிகிறது.

இதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு இந்தப் பாடத்தை எடுத்தவள் மாரிகன். பயோவேர் உருவாக்கி 2009ல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் கேமில் வருபவள். கோர்காரி காட்டில், ஃபிளெமெத் என்ற சூனியக்காரியிடம் மனித வாடையே இல்லாமல் வளர்ந்த பெண். அந்த கேமில் பரிசு கொடுத்தால் நம்மேல் அபிமானப் புள்ளி ஏறும். அந்த ஏற்பாடு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. நகையை அள்ளிக் கொடுத்தால் யாரும் மயங்குவார்கள் என்பதுபோல இருக்கும். ஆனால் ஒரு பரிசு மட்டும் வேறு ரகம். ஓர் இரவு முகாமில் மாரிகன் சிறுவயதுக் கதை சொல்வாள். காட்டை விட்டு வெளியே வந்தபோது, ஒரு சீமாட்டியின் வண்டியிலிருந்து தங்கக் கைக்கண்ணாடி ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். அவ்வளவு அழகான பொருளை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. ஃபிளெமெத் அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்துவிடுகிறாள், ஆசை உன்னைப் பலவீனமாக்கும் என்று.

நான் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிட்டேன். பல மணி நேரம் கழித்து, ஆர்சமார் என்ற குள்ளர்களின் பாதாள நகரத்தில் ஒரு கடையில் பொருள்களைப் பார்த்துக்கொண்டே போனால், பட்டியலில் தங்கக் கண்ணாடி. வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். எப்போதும் நாக்கில் கத்தி வைத்திருப்பவள் தடுமாறிவிட்டாள். பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காத பரிசு அவளுக்கு அதுவரை வந்ததில்லை. இதில் என்னை அசைத்தது புள்ளி ஏறியது அல்ல. அவள் சொன்னதை நான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று அந்த கேம் பார்த்திருக்கிறது. யார்மேல் பிரியமோ அவர்களிடம் நாம் செய்வது அதைத்தானே?

ஆண் பாத்திரமாக ஆடித்தான் மாரிகனைக் காதலிக்க முடியும், அப்படியும் ஆடினேன். அன்பு முற்றியதும் அவளே விலகப் பார்க்கிறாள். காதல் பலவீனம் என்று வளர்த்த வளர்ப்பு அது. கடைசிப் போருக்கு முந்தைய இரவில் வயிற்றில் ஒரு குழந்தையைக் கேட்டுவாங்கிக்கொண்டு, தேடி வராதே என்று சொல்லிவிட்டுப் போகிறாள். 2010ல் வந்த விட்ச் ஹன்ட் என்ற துணைக்கதையில், ஒரு மாயக் கண்ணாடியின் முன்னே அவளைத் திரும்பப் பார்ப்போம். விரும்பினால் அவளோடு அதற்குள் நுழைந்துவிடலாம். உடைந்துபோன கைக்கண்ணாடியில் ஆரம்பித்த கதை அங்கே வந்து முடிகிறது.

அதே கேமில் இன்னொரு கூட்டாளி அலிஸ்டர். பெரும்பாலான பெண்கள் சொல்லும் முதல் பெயர் அவனுடையதாகத்தான் இருக்கும். லோதரிங் என்ற கிராமத்தில் பறித்த ரோஜாவைப் பத்திரமாக வைத்திருந்து, தயங்கித் தயங்கிக் கொடுப்பான். அவன் அதைக் கொடுக்கும்போது அந்தக் கிராமம் அநேகமாக அழிந்தே போயிருக்கும். ஆனால் நான் அவனை மறக்காததற்குக் காரணம் ரோஜா இல்லை. அவனுக்குத் தகப்பன்போல இருந்த டங்கனும் மன்னனும் போர்க்களத்தில் சாகக் காரணமான தளபதி லோகெய்னை, ஒரு கட்டத்தில் மன்னித்து நம் படையில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. போர்க்கணக்கில் அது புத்திசாலித்தனம்தான் என்று நினைத்துச் செய்தேன். அலிஸ்டர் என் முகத்துக்கு நேரே பேசிவிட்டுக் கூட்டத்தை விட்டுப் போய்விட்டான். அபிமானப் புள்ளி நூறு இருந்தும் பயனில்லை. ஏதாவது ஒரு பதிலில் அவனைத் தங்கவைக்க முடியாதா என்று ஒரு மணி நேரம், சேமித்துவைத்த பழைய இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தேன். முடியவில்லை. அன்று அழுகையாக வந்தது. இன்று நினைத்தால், அவன் தங்கியிருந்தால்தான் நான் அவனை மதித்திருக்க மாட்டேன்.

2014ல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் வரும் கூட்டாளி டோரியன் ஆண்களை மட்டுமே விரும்புகிறவன். என் பெண் பாத்திரம் சீண்டிப் பார்த்தபோது மனம் நோகாமல் விலக்கினான். பிறகு ரெட்கிளிஃப் விடுதியில் அவன் தகப்பனைச் சந்திக்கிற காட்சி வருகிறது. மகனின் இயல்பையே ரத்த மந்திரத்தால் மாற்றிவிடத் துணிந்தவர் அவர். ரத்த மந்திரம் பலவீனமான மனத்தின் புகலிடம் என்று அதே மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பக்கத்தில் தோழியாக நின்று அந்தக் காட்சியைப் பார்த்தேன். அவன் எனக்கும் இசைகிறவனாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் காட்சிக்கு அத்தனை கனம் வந்திருக்காது. பால்டர்ஸ் கேட் 3ல் முக்கியமான கூட்டாளிகள் எல்லோரும் ஆண் பெண் பேதமில்லாமல் நம்மை விரும்புவார்கள். அதில் பலருக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் டோரியனின் அந்த மென்மையான மறுப்பு அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்கைரிம் என்ற கேமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பாலும் ஒரு சின்ன உதவி செய்துவிட்டு, மாரா தாயத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசினாலே கல்யாணம் நிச்சயமாகிவிடும். பிறகு தினம் ஒருவேளைச் சாப்பாடும் கடை வருமானத்தில் பங்கும் வரும். உலகம் பிரமாதம், வீட்டில் இருப்பது யார் என்றுதான் தெரியாது.

காதலே கூடாத ஒருவரும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு அது ஜாஹெய்ரா. 1998ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் திக்கிப் பேசும் கணவன் காலிடோடு வருவாள். 2000ல் வந்த இரண்டாம் பாகம், சிறைக்குள் சிதைக்கப்பட்ட காலிடின் உடலைக் காண்பதோடுதான் அவளுக்குத் தொடங்கும். அதில் அவளைக் காதலிக்க வழி இருந்தது. அவள் துக்கத்தின் நடுவே போய் நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாம் பாகத்தின் கதை நூறு வருடத்துக்கும் மேல் தள்ளி நடக்கிறது. நெடுநாள் வாழும் அரை எல்ஃப் என்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறாள், நரை விழுந்து. முதல் சந்திப்பிலேயே என் காலைக் கொடிகளால் கட்டிப்போட்டாள். அவிழ்த்துவிட்டபின் அவள் நீட்டிய மதுவிலும் உண்மையைக் கக்கவைக்கும் மருந்து! நகரத்தில் அவளுக்கு ஒரு வீடு, வளர்த்த பிள்ளைகள், அவர்களிடம் வாங்கும் திட்டு. யாரோ எழுதிய பாத்திரம் என் கண்ணெதிரே வயதானதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

கார்லாக்குக்கு வருகிறேன். அவள் நம்பி வேலைபார்த்த கோர்டாஷ் என்பவனே அவளை நரகத்தின் அதிபதிகளில் ஒருத்தியான ஸாரியலிடம் கொடுத்துவிட்டான். நரகத்தின் முதல் அடுக்கான அவெர்னஸில் 10 வருடம் போர்வீராங்கனை. இதயத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு நரக எந்திரத்தை வைத்திருக்கிறார்கள். உடம்பு முழுக்கத் தகிக்கிறது. யாரையும் தொட முடியாது, தொட்டால் வெந்துபோவார்கள். இத்தனைக்கும் அவள்தான் கூட்டத்திலேயே கலகலப்பானவள். டாமன் என்ற கொல்லன் நரக இரும்பை வைத்து எந்திரத்தை இரண்டு முறை சரிசெய்கிறான். இரண்டாம் முறைக்குப் பிறகு அவள் பக்கத்தில் நிற்பவரைக் கட்டிப்பிடிக்கலாம். 10 வருடம் கழித்து ஒரு மனிதத் தொடுகை. அந்தக் காட்சியில் வசனத்தைவிட அவள் மூச்சுவிடுவதைக் கேளுங்கள்.

கூடவே டாமன் இன்னொன்றும் சொல்கிறான். அந்த எந்திரம் அவெர்னஸில்தான் நிலைக்கும். இங்கேயே இருந்தால் கொஞ்ச நாளில் அவளை எரித்துவிடும். நான் போய்விடு என்கிறேன். அவள் முடியாது என்கிறாள். அந்த அடிமை வாழ்க்கைக்குத் திரும்புவதைவிட இங்கே சுதந்திரமாகச் சாகிறேன் என்கிறாள். எத்தனை புள்ளி சேர்த்திருந்தாலும் அந்த முடிவு அவளுடையதுதான். ஆனால் கோர்டாஷைக் கொன்றபிறகு, எனக்குச் சாக விருப்பமில்லை என்று உடைந்து கத்துவாள். பழிவாங்கியும் ஒன்றும் திரும்ப வரவில்லை. என் முதல் ஆட்டத்தில் துறைமுகத்தில் கடலைப் பார்த்தபடி என் கண்முன்னால் எரிந்து முடிந்தாள்.

தம்பி போன வருடம் அந்த கேமை வாங்கினான். ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் போன்.

"அக்கா, இந்த டாமன் சொல்றது நிஜமா? வேற இரும்பு கிரும்பு தேடினா சரியாகாதா?"

"ஆகாதுடா."

"நான் நரகத்துக்குப் போன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறா."

"கேக்க மாட்டா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கீபோர்டு தட்டும் ஒலி மட்டும் வந்தது.

"சரி, கடைசியில நானும் அவகூடப் போறேன்னு சொல்ல ஆப்ஷன் இருக்கா?"

"இருக்குடா" என்றேன்.