டிராக்டர் வாங்குமுன் ஓர் ஆண்டு நடந்து பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை உங்கள் அம்மா நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நீங்கள் எனக்கென்று எழுதி அனுப்பியிருந்த கேள்வியைத் தம் கைப்பேசியில் காட்டினார்கள். "அமெரிக்கா வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன, வெர்மான்ட்டில் 12 ஏக்கர் காட்டோடு ஒரு வீடு வாங்கிவிட்டோம், ஆனால் காட்டுக்குள் கால் வைக்க வழி இல்லை. சிறிய டிராக்டர் ஒன்று வாங்கினால் நானே நடைவழி வெட்டிக்கொள்ள முடியுமா, எதை வாங்கலாம், அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். அதே மாநிலத்தில் 23 ஆண்டுகளாக வாழ்கிறேன்; அவற்றுள் 14 ஆண்டுகள் சொந்தக் காட்டில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். விடுமுறை முடிந்து ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் இங்கிருந்தே விரிவாக எழுதுகிறேன். முடியும், தம்பி. ஆனால் அந்த வேலையில் டிராக்டர் கடைசியாக வர வேண்டிய கருவி. அதை முதலில் வாங்கியவர்கள் பலர் காட்டையும் கெடுத்து, உடம்பையும் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடத்தின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஓர் ஏக்கர் 18 கிரவுண்டுக்குச் சற்று அதிகம். உங்கள் காடு ஏறத்தாழ 218 கிரவுண்டு. அதில் எங்கே பாறை தலைநீட்டுகிறது, எங்கே பழைய விவசாயிகள் அடுக்கிய கல்சுவர் இலைச்சருகுக்குள் புதைந்திருக்கிறது, எங்கே ஏப்ரலில் ஊற்றெடுக்கிறது என்பவற்றை ஒரு பருவத்தில் அறிந்துவிட முடியாது. கோடையில் கெட்டித் தரையாகத் தெரிகிற இடம், பனி உருகி மண் குழம்பாகும் மார்ச் இறுதியிலிருந்து மே தொடக்கம்வரை முழங்கால் சேறாக இருக்கும். அங்குள்ளவர்கள் அதையே ஐந்தாவது பருவம்போலச் 'சேற்றுக்காலம்' என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். ஆகவே நான்கு பருவமும் நடந்து, போக நினைக்கும் தடத்தில் மரங்களுக்கு நிற நாடா கட்டி, அதை இரண்டு மூன்று முறை மாற்றிக் கட்டிய பிறகே ரம்பத்தைக் கையில் எடுங்கள்.

தடத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். இதைச் சென்னைக்காரருக்கு நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெர்மான்ட்டிலும் 2023 ஜூலையில் பெருவெள்ளம் வந்து, தலைநகரான மான்ட்பீலியரின் கடைவீதியே முழுகியது. அடுத்த ஆண்டு அதே ஜூலையில் மீண்டும் வெள்ளம் வந்தது. சரிவில் நேர்கோடாக இறங்கும் வழியை டிராக்டரால் வெட்டினால், முதல் பெருமழையில் அது ஓடையாகி, இரண்டாவது மழையில் பள்ளமாகிவிடும். சரிவைக் குறுக்காகச் சாய்வில் கடந்து, பத்து அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாதபடி வழியை வளைத்துக் கொண்டுபோங்கள். இடையிடையே வழிக்குக் குறுக்கே, ஏறத்தாழ 30 பாகை சாய்வில், தண்ணீரைக் காட்டுக்குள் திருப்பிவிடும் தாழ்வரம்புகளை அமையுங்கள். ஓடையைக் கடக்க வேண்டியிருந்தாலோ சதுப்பு இருந்தாலோ தொடவே தொடாதீர்கள். அவற்றுக்குத் தனிச் சட்டமும் அனுமதியும் உண்டு. மாநில வனத்துறையில், நம் ஊர் மாவட்டம் போன்ற உங்கள் கவுண்ட்டிக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்கக் கட்டணம் இல்லை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது மரம். வழியில் நிற்கும் கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட எதையும் டிராக்டரால் மோதி வீழ்த்த நினைக்காதீர்கள். கைரம்பத்தாலோ, இயந்திரச் சங்கிலி ரம்பமான செயின்சாவாலோ தரைமட்டத்துக்கு ஒட்டக் கிடையாக அறுங்கள். சாய்வாக அறுத்த அடிக்கட்டை ஈட்டி முனைபோல நிற்கும். என் முதல் கோடையில் முன்சக்கரத்தின் பக்கவாட்டைக் கிழித்தது அப்படிப்பட்ட, நானே அறுத்த, சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு மேப்பிள் கன்றின் கட்டைதான். பெரிய மரங்களைச் சுற்றிப் போங்கள். அவற்றின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்ளேயே பரவியிருக்கிறது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இயந்திரம் ஈர மண்ணில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் மண் இறுகி, நீங்கள் நிழலுக்காக விட்டுவைத்த சர்க்கரை மேப்பிளே சில ஆண்டுகளில் நுனியிலிருந்து காயத் தொடங்கும்.

சாம்பல் மரம் என்று நாம் மொழிபெயர்க்கக் கூடிய 'ஆஷ்' மரங்களைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ளுங்கள். 2002-இல் மிச்சிகனில் முதலில் கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு, 2018-இல் வெர்மான்ட்டிலும் கண்டறியப்பட்டது; அது தாக்கிச் செத்த மரம் நின்றவாறே நொறுங்கும். டிராக்டரின் அதிர்வு போதும், மேலிருந்து கிளை விழ. அத்தகைய மரம் வழியோரம் நின்றால் தொழில்முறை மரம்வெட்டியை அழைத்துவிடுங்கள். அதில் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். விழுந்து கிடக்கும் மரமும் எளிதன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நான் சென்னையில் இருந்தேன். மறுநாள் எங்கள் தெருவில் சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தின் தண்டை அறுத்து முடித்த கணத்தில், பூமியோடு பெயர்ந்து நின்ற வேர்த்தட்டு சடாரென்று நிமிர்ந்து பழைய குழிக்குள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். பின்னால் நின்ற ஒருவர் இரண்டு அடி தள்ளி நின்றதால் பிழைத்தார். பாரத்தில் வளைந்து கிடக்கும் இளமரமும் அப்படித்தான்: எந்தப் பக்கம் இழுவை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று பார்த்த பிறகே அறுக்க வேண்டும். செயின்சா பயிற்சி ஒன்றில் சேராமல் அந்தக் கருவியை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் ஆன பிறகு டிராக்டர். உங்கள் அளவுக்கு 25 முதல் 35 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், கிளட்சை மிதித்து மிதித்து ஓட்ட வேண்டாத ஹைட்ரோஸ்டாட்டிக் கியர், முன்னால் பாரத்தை அள்ளித் தூக்கும் லோடர், போதும். பெரிய வண்டி வாங்கினால் அது நுழைய வழியை அகலமாக்குவீர்கள், காடு குறையும். இந்த அளவு வண்டியின் அகலம் ஏறத்தாழ 5 அடி. வழியை 8 அடிக்கு விட்டால் திரும்ப இடம் கிடைக்கும். பின்னால் மாட்டும் சுழல் புதர்வெட்டி, இயந்திரத்தின் சுழற்சியைக் கருவிகளுக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும். வெட்டியின் ஓர் அடி அகலத்துக்கு பி.டி.ஓ.வில் 5 குதிரைத்திறன் வேண்டும் என்பது பழக்கத்திலுள்ள கணக்கு. இயந்திரத்தின் திறன் வேறு, பி.டி.ஓ.வுக்கு வந்துசேரும் திறன் வேறு. விற்பவர் முன்னதைத்தான் பெரிதாக எழுதியிருப்பார், நீங்கள் பின்னதைக் கேளுங்கள். அந்த வெட்டி கல்லை 300 அடிவரை எறியக் கூடியது. குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். வெட்டிய கிளைகளை அள்ள லோடரில் மாட்டும் இரும்புக் கவ்வி, நான் செலவழித்ததிலேயே என் முதுகுக்கு மிகவும் உதவிய பொருள். காட்டு வேலைக்குப் புல்வெளி டயர் ஆகாது. வண்டியின் அடிவயிற்றுக்குத் தகடு அடித்துக்கொள்ளுங்கள். சுள்ளி ஒன்று மேலே குத்தி ஹைட்ராலிக் குழாயைக் கிழித்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

நிறுவனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் உங்கள் தாத்தா மஹிந்திரா ஓட்டியதாக அம்மா சொன்னார்கள். அது அமெரிக்காவிலும் விற்கிறது, குபோட்டாவும் ஜான் டீயரும் உண்டு. பெயரைவிட, பழுதுபார்க்கும் விற்பனையாளர் உங்களுக்கு எத்தனை மைல் தொலைவில் இருக்கிறார் என்பதைப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் முன்னால் இரண்டு வார இறுதிகளுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

இனி நான் எழுதப்போவதை உங்கள் மனைவியும் படிக்க வேண்டும். டிராக்டர் பக்கவாட்டில் கவிழும் என்பதை எல்லோரும் அறிவார்கள். பின்பக்கமாக, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும் என்பதைப் புதியவர்கள் அறிவதில்லை. சேற்று உழவில் பின்சக்கரம் புதைந்தால் முன்சக்கரம் தூக்கும் என்று நம் ஊர் ஓட்டுநர்களுக்குத் தெரியும்; உங்கள் தாத்தா இருந்தால் சொல்லியிருப்பார். எனக்குச் சொல்ல ஆளில்லை. நான்காம் ஆண்டில் ஓர் அடிக்கட்டையைப் பிடுங்குவதற்காகச் சங்கிலியைப் பின் இழுவைக்கொக்கியில் மாட்டாமல், கைக்கு எட்டியது என்று பின் அச்சுக்கு மேலே உள்ள மேல் இணைப்புக் கம்பியில் மாட்டி இழுத்தேன். கட்டை அசையவில்லை, வண்டியின் மூக்கு வானம் பார்த்தது. கால் தானாக மிதியை விட்டதால் முன்சக்கரங்கள் கீழே விழுந்தன. அவ்வாறு தூக்கிய வண்டி மீளவே முடியாத நிலைக்குப் போக முக்கால் வினாடி போதும் என்று பின்னர் படித்தபோது, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆகவே இழுப்பது எதுவானாலும் பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக்கொக்கியிலிருந்து மட்டும் இழுங்கள்; லோடரில் பாரம் இருந்தால் தரையோடு ஒட்டித் தாழ்த்தி ஓட்டுங்கள், பின்னால் எதிர்பாரம் கட்டுங்கள். இருக்கைக்குப் பின்னாலுள்ள கவிழ்வுக் காப்புச் சட்டத்தை, தாழ்ந்த கிளை இடிக்கிறது என்று காட்டுக்குள் மடக்கிவிடுவது அங்கே பலருடைய வழக்கம். மடக்காதீர்கள், கிளையை வெட்டுங்கள். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப்பட்டி கட்டாயம். எங்கோ ஓரிடத்தில் மடக்கியே ஆக வேண்டியிருந்தால் பட்டியை அவிழ்த்துவிட வேண்டும். தனியாகக் காட்டுக்குள் போவதானால், எந்தத் தடத்தில் இருப்பீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்; பல காடுகளுக்குள் கைப்பேசி எடுக்காது.

கிண்டியில் மானைக் கண்டு மகிழ்ந்து வளர்ந்தவர்கள் நாம். வெர்மான்ட்டில் மான் இருந்தால் உண்ணியும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கனெக்டிகட்டின் லைம் என்ற ஊரின் பெயரால் வழங்கும் நோயை அந்த உண்ணிதான் பரப்புகிறது. வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இருந்தால் குளிர்காலத்திலும் அது நடமாடும். ஜப்பானிய பார்பெரி என்ற முள்புதர் உண்ணிகளுக்கு நல்ல புகலிடம். நம் ஊரில் லன்டானாவை உண்ணிச்செடி என்பார்களே, அந்தப் பெயர் இதற்கே பொருந்தும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வேலை முடிந்ததும் குளித்து, உடம்பு முழுவதும் தேடுங்கள். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. மூன்று மூன்று இலையாகத் தொங்கும் நச்சுக்கொடியையும் கற்றுக்கொள்ளுங்கள். அது நம் சேங்கொட்டையின் குடும்பம். பட்ட இடம் கொப்பளிக்கும். அதைப் புதர்வெட்டியால் அடித்துத் தெறிக்க விடாதீர்கள், எரிக்கவும் கூடாது. புகை நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

நவம்பரில் மான் வேட்டைப் பருவம் என்பதால் சொந்தக் காட்டிலும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்தே நடங்கள். நான் ஜனவரி கடைசியில் திரும்பிவிடுவேன். அப்போது தரை உறைந்து, இலை உதிர்ந்து, நிலத்தின் மேடு பள்ளம் எல்லாம் பனியின் மேல் தெளிவாகத் தெரியும். ஒரு சனிக்கிழமை வந்து உங்களோடு முழுக் காட்டையும் நடக்கிறேன். பனிநடைக் காலணி இரண்டு இணையும், நீல நாடா ஒரு சுருளும் வாங்கி வைத்திருங்கள். உங்கள் அம்மா கொடுத்த வற்றல் பொட்டலம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா