ஹைப்பர்லோக்கலுக்குத் தமிழில் என்ன போடுவது?

கேள்வி: காரைக்குடி செஞ்சையில் வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை செய்து பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். விளம்பரம் எழுதிக் கொடுத்த தம்பி ‘ஹைப்பர்லோக்கல் பலகாரச் சேவை’ என்று போட்டிருக்கிறார். எங்கள் அப்பத்தா அதைப் படித்துவிட்டு, “நம்ம பலகாரத்தையா லோக்கலுங்கிறான்?” என்று கேட்டார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்? வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

பதில்: உங்கள் அப்பத்தா கேட்டது நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘மிகச் சின்ன ஒரு பகுதிக்கு மட்டும் உரிய’ என்று பொருள், அவ்வளவுதான். ஆனால் ‘லோக்கல்’ தமிழுக்குள் வந்து பல காலமாகிவிட்டது, வந்த இடத்தில் அதற்கு வேறு குணமும் சேர்ந்துவிட்டது. ‘ரொம்ப லோக்கலா பேசுறான்’ என்றால் தரக்குறைவாகப் பேசுகிறான் என்று அர்த்தம், ‘லோக்கல் சரக்கு’ என்றால் மட்டமான பொருள். அதற்கு முன்னால் ‘ஹைப்பர்’ போட்டால் மட்டத்திலும் மட்டம் என்றுதான் காதில் விழும். பலகாரத்துக்கு அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையிலோ டெலிவரி செயலிக்காரர்களுக்கு எழுதும் கடிதத்திலோ போடலாம், அவர்களுக்கு அது தொழில்சொல். அங்கேயும் ‘ஹைப்பர்லோக்கல் விநியோகம்’ என்று நேராகப் பெயருக்கு முன்னால் வைத்தால் போதும். ‘ஹைப்பர்லோக்கலான விநியோகம்’ என்று ‘ஆன’ ஒட்ட வேண்டியதில்லை.

சரி, ‘உள்ளூர்’ என்று போடலாமே என்று தோன்றும். நல்ல சொல்தான், ஆனால் அதன் எல்லை இப்போது ரொம்பவே விரிந்துவிட்டது. ஒரு கோயில் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் ‘உள்ளூர் விடுமுறை’ விட்டால் சில சமயம் மாவட்டம் முழுவதுக்குமே விடுமுறை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கடைக்கு நான் ‘உள்ளூர் ஆர்டர்கள் வீட்டுக்கே வரும்’ என்று எழுதிக் கொடுத்தேன். தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் போன் வந்தது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் கணக்கில் காரைக்குடியும் உள்ளூர்தான். அதோடு, உள்ளூர் மாடு விலைபோகாது என்ற பழமொழி தெரியாத தமிழர் யார்? விற்கிற பொருளுக்கு முன்னால் அதை வைக்கும்போது ஒரு தடவை யோசியுங்கள்.

‘வட்டார’ இன்னும் பெரியது. வட்டார வளர்ச்சி அலுவலரின் கீழ் ஓர் ஊராட்சி ஒன்றியமே வருகிறது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்றால் அதைவிடப் பெரிய பரப்பு. வட்டார வழக்கு, வட்டாரச் சமையல் என்றெல்லாம் எழுதலாம், நாலு தெருவைக் குறிக்க அது தாங்காது. இடத்தைக் குறிக்கும் சொற்கள் நம் மொழியில் இப்படித்தான் வளர்ந்துகொண்டே போகின்றன. ‘நாடு’ என்பதையே பாருங்கள். நம் பக்கத்தில் இன்றும் பாகனேரி நாடு, பட்டமங்கல நாடு என்கிறோமே, அவை ஒவ்வொன்றும் சில ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதிதான். அந்தச் சொல்தான் இன்று ஒரு தேசத்துக்கும் பெயர். நகரத்தார் ஊர்களை மேலவட்டகை, கீழவட்டகை என்று பிரிப்பதில் வரும் ‘வட்டகை’ மட்டும் இன்னும் சின்னதாகவே நிற்கிறது, ஆனால் செட்டிநாட்டைத் தாண்டினால் யாருக்கும் புரியாது.

புதுச்சொல் உண்டாக்கலாமா? ஹைப்பர்லிங்க்கை ‘மீத்தொடுப்பு’ என்கிறோம், அந்த வழியில் ‘மீயுள்ளூர்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘மீ’ என்றால் மேலே என்ற பொருள் வருவதால் உள்ளூரைத் தாண்டியது, வெளியூர் என்று நேர் எதிராக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘நுண்’ சேர்த்து ‘நுண்வானிலை’ என்று எழுதினால் அறிவியல் கட்டுரைக்குச் சரி, ‘நுண்பகுதிப் பலகாரம்’ என்று எழுதினால் நுண்ணுயிர் ஞாபகம்தான் வரும்.

அப்புறம் என்னதான் வழி? தமிழில் சின்ன இடத்துக்கு ஒரு பொதுப் பெயரடை தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. இடத்தின் பெயரை அப்படியே முன்னால் வையுங்கள், அதுவே பெயரடை. தரையில் பதிக்கிற கல்லை ஆத்தங்குடிக் கல் என்கிறோம். அந்த ஊர்ப் பக்கத்து மண், சிமென்ட், சாயம், கண்ணாடிமேல் ஊற்றி வார்க்கிற கைவேலை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. கண்டாங்கிச் சேலையையும் காரைக்குடி கண்டாங்கி என்று ஊர்ப் பெயரை முன்னால் வைத்துத்தான் சொல்கிறோம். மின்தடை அறிவிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் பெயரடையே இருக்காது. கழனிவாசல், செக்காலை, கல்லுக்கட்டி என்று இடங்களை அடுக்கியிருப்பார்கள், படித்த நொடியில் அவரவர் வீட்டுக்கு மின்சாரம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எல்லை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும் என்றால் பெயரோடு ‘பக்கத்து’ சேருங்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ‘பக்கத்து வீடு’ என்றால் அடுத்த வீடு, ‘செஞ்சைப் பக்கத்து வீடுகள்’ என்றால் செஞ்சையும் அதைச் சுற்றியும் உள்ள வீடுகள். ‘நேற்று கழனிவாசல் பக்கம் மட்டும் மழை, செக்காலையில் ஒரு சொட்டு இல்லை’ என்று நாம் பேசுவது இதே அமைப்புதான். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது ‘பக்கம்’ என்பது ‘பக்கத்து’ ஆகிறது. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: செஞ்சைப் பக்கத்துக் கடைகள், செஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகள். ‘நாடு’ ‘நாட்டு’ ஆவதும் இதே கணக்குதான். பெயர்ப்பலகைகளில் ‘செட்டிநாடு சமையல்’ என்றே பார்க்கிறோம், ‘செட்டிநாட்டுச் சமையல்’ என்பதுதான் தமிழின் இயல்பு.

‘அக்கம்பக்கத்து’ என்பதும் கைவசம் இருக்கிறது, ஆனால் அது மனிதர்களோடும் வீடுகளோடும் பேச்சோடும்தான் ஒட்டும். ‘அக்கம்பக்கத்து ஆட்கள் வாங்கிப்போகிறார்கள்’ சரி. ‘அக்கம்பக்கத்துப் பலகாரம்’ என்றால் அடுத்த வீட்டுக்காரர் செய்த பலகாரம் என்றாகிவிடும். ‘தெருவாரியான’ என்பதையும் சிலர் இந்த இடத்தில் போடுகிறார்கள், அது தப்பு. தெருவாரியான கணக்கு என்றால் ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரே ஒரு தெருவுக்கு உரியது என்றால் ‘எங்கள் தெருச் செய்தி’, ‘எங்கள் தெருப் பிள்ளையார்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் விளம்பரத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘செஞ்சை வீட்டுப் பலகாரம். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை. செஞ்சைப் பக்கத்து வீடுகளுக்கு நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.’ கீழே நீங்கள் போகிற தெருக்களின் பெயர்களைச் சின்ன எழுத்தில் வரிசையாகப் போட்டுவிடுங்கள், கோட்டையூரிலிருந்து யாரும் போன் செய்து ஏமாற வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பத்தாவிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.