ஆர்னான் துறை மாறினாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாவர விஞ்ஞானி டேனியல் ஆர்னான் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். தாவரவியல் முதுகலை படிக்கும் என் மகள் ஆய்வகத்தில் பச்சையத்தை அளப்பது ‘ஆர்னான் முறை’யில்தான். நான் வேளாண்மை டிப்ளமோ படித்தபோது இதே பெயர் நுண்ணூட்டப் பாடத்தில் வந்தது, ஒரு தனிமம் செடிக்கு அவசியமா என்று தீர்மானிக்கும் விதிகளுக்காக. நீங்களோ அவரை ஒளிச்சேர்க்கை விஞ்ஞானி என்கிறீர்கள். ஒரே ஆள்தானா? சத்து ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரா?

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

ஒரே ஆள்தான், எதையும் விட்டுவிட்டுப் போகவுமில்லை. நம் பாடப்புத்தகத்தில் கனிம ஊட்டம் ஒரு பாடம், ஒளிச்சேர்க்கை வேறொரு பாடம், அதனால் இரண்டு துறை மாதிரி தெரிகிறது.

1910-இல் வார்சாவில் பிறந்த ஆர்னான், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹோக்லாந்து என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து 1936-இல் முனைவர் பட்டம் வாங்கினார். மண்ணில்லாமல் செடி வளர்ப்பவர்கள் இன்றும் கலக்குகிற ஊட்டக் கரைசலான ஹோக்லாந்து கரைசல் அந்த ஆசிரியர் பெயரில் இருப்பதுதான். அந்த ஆய்வகத்தில் 1939-இல் ஆர்னானும் ஸ்டவுட்டும் தக்காளிக்கு மாலிப்டினம் என்ற உலோகத் தனிமம் தேவை என்று காட்டினார்கள். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் கரைசலில் பத்து கோடியில் ஒரு பங்கு இருந்தாலே செடிக்குப் போதும் எனும்போது, மற்ற உப்புகளோடு அழுக்காக ஒட்டிக்கொண்டு வருவதே அதற்குப் போதுமானதாகிவிடும், ஆக அது தேவை என்று நிரூபிக்க, கரைசலில் அதை அறவே இல்லாமல் ஆக்குவதில்தான் மொத்தப் பாடும். நீங்கள் படித்த விதிகளும் அதே வருடத்தவை. அந்தத் தனிமம் இல்லாவிட்டால் செடியால் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாமல் போக வேண்டும், வேறொரு தனிமத்தால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியக்கூடாது, செடியின் வளர்சிதைமாற்றத்தில் அதற்கு நேரடியாக ஒரு வேலை இருக்க வேண்டும்.

அப்புறம் போர் வந்தது. ராணுவத்தில் இருந்தபோதும் பசிபிக்கில் பொனாபே தீவில் சரளைக்கல்லில் ஊட்டக் கரைசல் பாய்ச்சி வீரர்களுக்குக் காய்கறி விளைவித்தார். மனிதர் போன இடமெல்லாம் இதே தொழில்தான்!

அந்த மூன்றாவது விதிதான் அவரை இலைக்குள் இழுத்துக்கொண்டு போனது என்பேன். செடிக்குத் தாமிரம் தேவை, சரி, எதற்குத் தேவை? பீட்ரூட் இனச் செடியின் இலையிலிருந்து பசுங்கணிகங்களை, அதாவது செல்லுக்குள் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்புகளை, பிரித்தெடுத்து, தாமிரம் உள்ள நொதி ஒன்று அவற்றில் இருப்பதை 1949-இல் எழுதினார். உங்கள் மகள் செய்யும் முறை இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. நொதியின் வேகத்தைக் கணக்கிட எவ்வளவு பச்சையம் இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்காகப் பச்சையத்தை 80 சதவீத அசிட்டோனில் கரைத்தெடுத்து, 645, 663 நானோமீட்டர் அலைநீளங்களில் அது ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார். தாவர அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று அது, மேற்கோள் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தாமிரம் பற்றிய பகுதியைப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். (அந்தச் சமன்பாட்டின் எண்களை 1989-இல் போர்ரா குழுவினர் திருத்திவிட்டார்கள், மகளிடம் சொல்லுங்கள்.)

வேடிக்கை என்னவென்றால், அவர் பிடித்த நொதி ஒளிச்சேர்க்கையின் நேர்வழியில் இல்லை. அங்கே எலக்ட்ரானைக் கடத்தும் தாமிரப் புரதமான பிளாஸ்டோசயனினை 1960-இல் ஜப்பானில் கட்டோ கண்டுபிடித்தார். ஆனால் பசுங்கணிகத்தைக் கெடாமல் பிரித்தெடுக்கும் கை ஆர்னானுக்கு வந்துவிட்டது. செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி தயாராவது மைட்டோகாண்ட்ரியாவில்தான், பசுங்கணிகம் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறது என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், 1954-இல் ஆலன், வாட்லி ஆகியோரோடு சேர்ந்து, ஸ்பினாச் கீரையின் பசுங்கணிகம் வெறும் வெளிச்சத்தைக் கொண்டே பாஸ்பேட்டைக் கோத்து ஏடிபி செய்கிறது என்று காட்டினார். பாஸ்பேட் என்றால் வேறென்ன, நீங்கள் வயலுக்குப் போடுகிற மணிச்சத்துதான்.

தழைச்சத்திலும், அதாவது நைட்ரஜனிலும், இதே கதை. வேர் எடுத்துக்கொண்ட நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் நொதிக்குள் உட்கார்ந்திருப்பது மாலிப்டினம். அந்த நைட்ரைட்டை இலை தன் பசுங்கணிகத்தில் அம்மோனியாவாக மாற்றுகிறது, அதற்கு வேண்டிய எலக்ட்ரானைத் தருவது பெர்ரடாக்சின் என்ற இரும்புப் புரதம். ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரானை வாங்கிக் கடத்துவது இதுதான் என்று 1962-இல் டகாவாவும் ஆர்னானும் காட்டியிருந்தார்கள். கரியமிலவாயுவைப் போலவே நைட்ரஜனும் வெயிலின் செலவில்தான் சேர்கிறது. தழைச்சத்தை அள்ளிப் போட்டுவிட்டு நிழலிலோ மேகமூட்டத்திலோ கீரை வளர்த்தால் இலையில் நைட்ரேட் அப்படியே தேங்கிவிடுவது இதனால்தான்.

அன்புடன்